பன்னிரண்டாம் அறை

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த ஏழாம் மாடி வீட்டில், என் கணவரும் என் தம்பியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மேசையின் இரண்டு பக்கமும் இருந்து என் சமையலைச் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றாலும் என் மூலம்தான் கேட்பார்கள்.

"அக்கா, கார் எடுக்கேக்கை என்ர சைக்கிளிலை இடிக்கவேண்டாமெண்டு உவரிட்டைச் சொல்லு."

"சைக்கிள் நிப்பாட்ட வேற இடம் இருக்கெண்டு உம்மட தம்பியிட்டைச் சொல்லும்."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். நான் நடுவில் கரண்டியோடு நிற்பேன். முதலில் பாவமாக இருந்தது, பிறகு எரிச்சல் வந்தது.

காரணம் ஊரிலிருந்து வந்தது. என் கணவர் ஒரு இயக்கம், தம்பி இன்னொரு இயக்கம், இரண்டுக்கும் பகை. ஒரு நாள் கணவரின் இயக்கத்துக்காரர் தம்பியைத் தேடித் துவக்குகளோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். அவர் அப்போது என் கணவர் அல்ல, அதே ஒழுங்கையில் இருந்த ஒருவர். சந்தியில் நின்றவர், எங்கள் வீட்டு வாசல் படலையைக் கைகாட்டி விட்டார். அதை எதிர்வீட்டு அன்ரி கண்ணால் கண்டா. வந்தவர்கள் அலுமாரியை உடைத்து, அரிசி மூட்டையைக்கூடக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பி வீட்டில் இல்லை. அடுத்த ஒழுங்கை வைரவர் கோயிலில், மடப்பள்ளிக்குள் ஒளிந்திருந்தான்.

உயிருக்குப் பயந்து ஓடியவன் கோயில் வாசலில் மறக்காமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். வெளியே வந்தபோது செருப்பு வாசலில் இல்லை, செம்பரத்தம் பற்றைக்குள் கிடந்தது. வைரவர்தான் ஒளித்து வைத்தார் என்று அவனுக்குச் சத்தியமாக நம்பிக்கை. கனடாவுக்கு வந்ததும் வராததுமாக ஸ்காபரோவில் வைரவரைத் தேடிப் பிடித்து வடைமாலை சாத்தினான். வடை சுட்டது நான்.

அவரைக் கலியாணம் கட்டும்போதே, கைகாட்டியது உண்மையோ என்று நானும் கேட்டேன். "ஓம், காட்டினனான்," என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நானும் கிளறவில்லை. அவரை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வருடம் இப்படி இருந்துவிட்டுத் தம்பி மொன்றியலுக்குப் போகப்போவதாகச் சொன்னான். அங்கே சிநேகிதன் ஒருவனோடு அறை, ஞாயிற்றுக்கிழமை பஸ். எனக்கு இருந்த ஒரே சகோதரம் அவன். போனால் அங்கேயே ஊறிவிடுவான், இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டான் என்று தெரியும்.

அந்த நாட்களில் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கும் வாரப் பேப்பர் ஒன்றில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்து லிஸ்பன். போர்த்துக்கல் யுத்தத்தில் சேராத நாடு. அங்கே ஒரு ஹோட்டலில் எதிரெதிர் நாட்டு ஒற்றர்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். என் வீட்டிலும் அதுதானே நடந்தது, சாப்பாட்டுக் கோப்பை கழுவுவது மட்டும் நான்.

வீட்டில் நான் மட்டும்தான் அதை வாசிக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு நாள் கூட்டும்போது சோபாவுக்குக் கீழே கணவரின் பிரதி, தம்பியின் மெத்தைக்குக் கீழே இன்னொரு பிரதி. இருவரும் தனித்தனியாகக் கொண்டுவந்து ஒளித்து ஒளித்து வாசித்திருக்கிறார்கள்.

கதை முக்கியமான கட்டத்துக்கு வந்தது. இரண்டாம் ஒற்றனின் நாட்டு ஆயுதக்காரர் ஹோட்டலுக்கு வந்து, முதல் ஒற்றன் எங்கே என்று இரண்டாமவனிடம் கேட்கிறார்கள். அவன் "பன்னிரண்டாம் அறை" என்கிறான். தொடரும். அதோடு பேப்பரே நின்றுபோய்விட்டது. அந்தக் காலத்துப் பேப்பர்கள் அப்படித்தான்.

தம்பி புறப்பட இருந்த வாரம். வெள்ளிக்கிழமை இருவரும் தனித்தனியாகக் கடைக்குப் போய், பேப்பர் இல்லாமல் வெறுங்கையோடு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஏன் உர்ரெண்டு இருக்கிறியள்? முடிவை நான் சொல்லுறன். ரெண்டாமவன் காட்டிக்குடுத்திட்டான். கதை முடிஞ்சுது," என்றேன்.

"வேறென்ன அக்கா," என்றான் தம்பி. "அறையைச் சொன்னவன் காட்டிக்குடுத்தவன்தானே."

கணவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "முதலாமவன் அந்த அறையிலை இல்லையெண்டு தெரிஞ்சுதான் சொன்னவன்."

தம்பி நிமிர்ந்தான். வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவரை நேரே பார்த்து, "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான்.

"நானும் வீட்டைத்தானே காட்டினனான். நீர் மடப்பள்ளிக்கை இருந்தது எனக்குத் தெரியும்."

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "கோயிலடியாலை வரேக்கை கண்டனான். வாசலிலை உம்மட சிவப்பு வார் போட்ட செருப்பு. வைரவர் செருப்பிலை கை வைப்பாரோ? நான்தான் காலாலை பற்றைக்குள்ளை தட்டிவிட்டனான்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"கைகாட்டினது உண்மைதானே," என்றார். "உங்கட அம்மா அந்த அலுமாரிக்காக எவ்வளவு அழுதவ."

தம்பி கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "அக்கா, வீட்டிலை உழுந்து கிடக்கோ?" என்று கேட்டான்.

"கிடக்கு. பஸ்ஸிலை கொண்டுபோகவோ?"

"பஸ் வேண்டாம். ஊறப்போடு. வடைமாலையை ஆள் மாறிப் போட்டிட்டன்."

கணவர் தலையை நிமிர்த்தவில்லை. "மாலை ஒண்டும் வேண்டாம். தட்டிலை வைச்சாப் போதும்," என்றார். என்னிடம் அல்ல, அவனிடம்தான் சொன்னார்.