ஒரே அளவு ஓட்டை

தகரக்கடை பெருமாள் அண்ணன் இன்று காலை போடியில் காலமானார்.

1950களில் ஓர் ஏலக்காய்ப் பருவத்தில் அவர் ஒரு தீர்மானம் எடுத்தார். சல்லடைத் தகட்டில் இனி ஒரே அளவு ஓட்டைதான் போடுவது...

காரணம், துளை போடும் உளி அவரிடம் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று அடிக்கச் சோம்பல்.

அவர் தகரக்கடையும் எங்கள் தெருவில்தான்; அங்குள்ள ஏலக்காய்க் கடைகளுக்கெல்லாம் சல்லடை அவருடையதுதான். மேலே தங்குவது முதல் தரம், கீழே விழுவது மட்டம். ஓட்டை சிறிதானால் மட்டத்திலும் கொஞ்சம் முதல் தரமாகிவிடும்.

எங்கள் ஏலக்காய்க் கடையை நடத்திய என் அண்ணன் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

“பெருமாளு, எங்களுக்கு மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடப்பா.”

“எதுத்த கடை செல்லையா அண்ணனும் இதத்தான் கேட்டாரு. ரெண்டு பேரும் சேந்து வாங்கண்ணே, ஒரே சோலியா இல்லேன்னு சொல்லிர்றேன்.”

சேர்ந்து போக வழியில்லை. அண்ணனும் செல்லையாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்த மாதமே விருதுநகர் வியாபாரி ஒருவர் லாரியோடு வந்தார். முதல் தரத்தில் நாற்பது மூட்டை வேண்டும், மதியத்துக்குள் இல்லையென்றால் கம்பம் போய்விடுவார். எங்களிடம் இருந்தது பதினெட்டு.

இந்த லோடு கைவிட்டுப் போனால் கடையை மூடுவது என்று அண்ணன் வீட்டில் சொல்லியிருந்தார். தெருவைக் கடந்தார்.

“என்ன, வழி தவறி வந்துட்டீகளோ?” என்றார் செல்லையா.

“இருபத்திரண்டு மூட்டை வேணும். வெரசா.”

வியாபாரி இரண்டு கடைச் சரக்கையும் ஒரு துணியில் கொட்டிக் கலந்தார். பிறகு பிரித்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

“ரெண்டு கடையா, ஒரே கடையாய்யா?”

“கடை ரெண்டு. சோம்பேறி ஒருத்தன்” என்றார் செல்லையா.

நாற்பது மூட்டையும் ஏறியது. அதன்பின் வெளியூர்க்காரர்கள் ஒரு கடையில் மாதிரி பார்த்துவிட்டு, தெரு முழுக்க வாங்கினார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும் சரக்கும் நேராக எங்கள் தெருவுக்கே வந்தது.

பிற்பாடு ஒரு கூட்டத்தில் இதைத் ‘தர ஒழுங்கு’ என்று பாராட்டினார்கள். பெருமாள் அண்ணன் அழைக்கப்படவில்லை... அழைத்திருந்தாலும் எழுந்து போயிருக்க மாட்டார்.

என் முழங்காலை நம்பி நான் வர முடியாது. இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன், அண்ணே.

மாலை நான்கு மணிக்கு, சிலமலை போகும் சாலையில் உள்ள அவர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஏலக்காய்க் கடை பிடிக்க ஆள் குவிந்ததால், அடுத்த பருவமே கட்டடச் சொந்தக்காரர் அவர் தகரக்கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்போது அங்கே போனவர்.