சொல்லி முடியாத மற்றவர்கள்

“நவம்பர் 14, வியாழன். பகல் முழுவதும் தூறல். மாலை ஐந்து மணி, பக்கத்து வீட்டில் வானொலி. படகு இன்றும் ஓடவில்லை. தொலைந்த ஆடு கிடைத்துவிட்டது. அவருடைய தகப்பனாரின் அறிவித்தல்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. படகும் ஆடும் டென்மார்க்கில் நான் இருக்கும் பிராண்டேயைச் சேர்ந்தவை அல்ல. எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆடுகள் உண்டு, ஆனால் அவற்றின் காதில் இலக்கத் தகடு இருக்கும், அவ்வளவு சுலபமாகத் தொலைய முடியாது. இவை ஒரு சின்னக் கரீபியன் தீவின் செய்திகள். தீவின் பெயரை எழுதவில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தீவைச் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும். டென்மார்க் ஒரு காலத்தில் ஆண்டு, 1917இல் அமெரிக்காவிடம் கைமாற்றிய மூன்று தீவுகளில் ஒன்றா என்று டேனிஷ்காரர் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். இல்லை, அவை அல்ல, அவற்றைவிடச் சின்னது என்று அவர் சலிக்காமல் சொல்லுவார்.

அவர் எங்கள் சுவருக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பெண்மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு டேனிஷ் கப்பல் மெக்கானிக்கைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்வதற்கு முன்புவரை பாடசாலையொன்றில் துப்புரவு வேலை. நானும் அவரும் பேசுவது டேனிஷில். அவர் என்னை ‘நாபோ’ என்று கூப்பிடுவார், அயலவன் என்று பொருள். டேனிஷில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். தமிழில் எழுதும்போது எனக்குக் கை வரவில்லை, ஆகவே எங்கள் இருவரையும் ‘நீங்கள்’ ஆக்கி நான் பிறந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

வானொலிப் பழக்கம் தொடங்கியது, தீவின் வானொலியை இணையத்தில் கேட்கும் அவருடைய டப்லெட்டில் சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்ட ஒரு நாளில். சத்தத்தைச் சரிசெய்துவிட்டு எழும்பப் போனவன் அப்படியே இருந்துவிட்டேன். தீவில் மதியம் பன்னிரண்டு மணி. இங்கே குளிர்காலமென்றால் ஐந்து. ஒரு பெண் அறிவிப்பாளர், அவசரமே இல்லாத குரல். மேல்கிராமத்தில் நாளை காலை தண்ணீர் நிற்கும். காஸ் சிலிண்டர் ஏற்றிய கப்பல் இன்னும் வரவில்லை, கையிருப்பைப் பார்த்துப் பாவிக்கவும். தேவாலயத்தில் சனிக்கிழமை சூப் விற்பனை, பாத்திரம் கொண்டுவரவும். பஸ் தரிப்பிடத்தில் ஒரு பல்செட் கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.

“என்னெண்டு அடையாளம் சொல்லுறது?” என்று நான் கேட்டேன்.

“போட்டுக் காட்டவேணும்,” என்றார் அவர். “சிரிக்காதையுங்கோ நாபோ. அது ஆற்றையெண்டு இப்ப தீவு முழுக்கத் தெரிஞ்சிருக்கும். அந்த மனுசன்தான் வெக்கத்திலை போகமாட்டார்.”

எல்லாம் முடிந்ததும் ஓர்கன் இசை வரும். அது வந்தால் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மரண அறிவித்தல். இறந்தவரின் முழுப்பெயர் முதலில் வரும். அதைக் கேட்டு அவர் முகத்தில் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்தப் பெயரால் இறந்தவரை யாரும் கூப்பிட்டதில்லை. பிறகு அறிவிப்பாளர் “ஊரில் இன்ன பெயரால் அறியப்பட்டவர்” என்று பட்டப்பெயரைச் சொல்லுவார். அப்போதுதான் “ஐயோ” என்பார். அதன்பின் உரித்தாளர் வரிசை: மனைவி, பிள்ளைகள், ஒவ்வொருவரும் இருக்கும் நாடு, சகோதரங்கள், அவர்களின் பிள்ளைகளான பெறாமக்கள், ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானப்பிள்ளைகள். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்: “இன்னும் சொல்லி முடியாத அளவு மற்ற உறவினரும் நண்பர்களும்.”

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிராண்டே, விபோர்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு மரணம் என்றால் அறிவித்தல் எழுதித்தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, பிள்ளைகளை வயது வரிசையில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாட்டைப் போட்டு, மருமக்கள், மைத்துனர், சகலன், சம்பந்தி வரை போய், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு முடிக்க வேண்டும். விட்டுப்போன ஒரு பெயர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை விபோர்க்கில் இருந்து ஒருவர் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். “அண்ணை, என்ர பேர் எங்கை? இருவத்தெட்டு வருசமா அவற்றை சகலன் நான். செத்தாப்பிறகு இல்லையெண்டிட்டாரோ?” என்றார்.

ஆகவே, தீவின் அறிவித்தல்களை நான் ஒரு தொழில்காரனின் காதோடுதான் கேட்டுவந்தேன்.

அந்த வியாழன் அவர் கதவைத் திறந்தபோது நல்ல சட்டை போட்டிருந்தார்.

“இண்டைக்கு எங்கட வீட்டுது ஒண்டு இருக்கு, நாபோ. இருங்கோ,” என்றார்.

தகப்பனார் செவ்வாய்க்கிழமை இரவு இறந்துவிட்டதாக மச்சாள் ஒருத்தி காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். தொண்ணூற்றொரு வயது. ஞாயிற்றுக்கிழமை அடக்கம். இடுப்பு ஆறும்வரை விமானம் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். போகலாமா என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை.

படகு, ஆடு, ஓர்கன். முழுப்பெயர், பட்டப்பெயர். மனைவி. ஏழு பிள்ளைகள், ஒருவர் மயாமியில், இருவர் லண்டனில், மற்றவர்கள் தீவில். நான் காத்திருந்தேன். டென்மார்க் வரவில்லை. பேரப்பிள்ளைகள், ஞானப்பிள்ளைகள், அவருடன் மீன்பிடிக்கப் போன கூட்டாளிகள். இன்னும் சொல்லி முடியாத அளவு மற்ற உறவினரும் நண்பர்களும்.

அவர் டப்லெட்டை மூடினார்.

“நான் அதுக்குள்ளைதான் இருக்கிறன். சொல்லி முடியாதவைக்குள்ளை.”

அன்றுதான் எனக்குக் கதை தெரிந்தது. தகப்பனார் கலியாணம் செய்வதற்கு முன்பு, வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவர் இவர். அவர்களுடைய பேச்சில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘வெளிப்பிள்ளை’ என்று பெயர். யாருக்கும் அது இரகசியமில்லை. தகப்பன் பாடசாலைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், தெருவில் கண்டால் நின்று கதைத்தார். ஆனால் அந்த வீட்டின் படலைக்கு உள்ளே இவர் போனதில்லை. அவருடைய மனைவி இவரோடு ஒரு சொல் கதைத்ததும் இல்லை.

“பணம், காணி எண்டு எனக்கு ஒண்டும் வேண்டாம்,” என்றார். “அங்கை ரேடியோவிலை பேர் வாசிச்சால்தான் கோயிலிலை முன்வாங்கு. வாசிக்காட்டி வெளியிலை சனத்தோடை நிக்கவேண்டியதுதான். நான் போகவும் ஏலாது, நிக்கவும் ஏலாது. அந்தப் பேரையாவது ஒருக்கால் வாசிச்சிருந்தால் காணும். அறுபத்துநாலு வயசாகுது எனக்கு. நான் அவற்றை மகள் எண்டு ஆரும் சத்தமாச் சொல்லிக் கேட்டதில்லை.”

அறிவித்தல் வெள்ளியும் சனியும் மறுபடி வாசிக்கப்படும் என்றும் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வானொலி நிலையத்துக்கு எழுதினால் என்ன? திருத்தம் எல்லா ஊரிலும் செய்வார்கள்.

“எழுதிப் பாருங்கோ,” என்றார். நம்பிக்கையோடு அல்ல, நான் எழும்பிப் போகட்டும் என்பது போல.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி முதலில் சிரித்தாள். “உங்கட செத்தவீட்டு எழுத்தை இனிக் கரீபியனுக்கும் ஏற்றுமதி செய்யப்போறியளோ?” என்றாள். பிறகு குசினிக்குள் போனாள். நான் மின்னஞ்சலை முடிப்பதற்குள் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் டப்பாக்களில் ஏறிவிட்டன.

“எங்கை கொண்டுபோறீர்?”

“எங்கையெண்டால்? தகப்பன் செத்த வீடு. அடுப்பு மூட்டலாமோ?”

“அவை வேதக்காரர். அவைக்கு அந்த வழக்கம் இல்லை.”

“அவைக்கு இல்லாட்டி எங்களுக்கு இருக்குத்தானே,” என்று சொல்லிக்கொண்டு, மழையில் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அங்கே என்ன சொன்னாள் என்பதை அடுத்த நாள்தான் அறிந்தேன். வேலையிடத்து டேனிஷில், முதியோர் இல்லத்தில் உள்ளவர்களோடு பேசும் அதே நிதானமான டேனிஷில், “உங்கள் வீட்டில் மரணம் நடந்திருக்கிறது. மூன்று நாளைக்கு நீங்கள் சமைக்கக்கூடாது. சாப்பாடு எங்கள் வீட்டில் இருந்து வரும்” என்றிருக்கிறாள். அவர் கதவடியிலேயே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை போனபோது அவர் கேட்டார்: “என்ன எழுதினீங்கள்?”

நான் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இறந்தவரின் மூத்த மகள், டென்மார்க்கில் வசிப்பவர், அறிவித்தலில் விடுபட்டுள்ளார். பிள்ளைகளின் வரிசையில் அவருடைய முழுப்பெயரை முதலாவதாகச் சேர்த்து வாசிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

“முதலாவதா?”

“நீங்கள்தானே மூத்தது. மற்ற ஏழு பேரும் உங்களுக்குப் பிறகுதானே.”

“என்ர ஆண்டவரே!” அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். “நாபோ, வெளிப்பிள்ளையை வாசிச்சால் எல்லாருக்கும் கடைசியிலைதான் வாசிப்பினம், ஞானப்பிள்ளையளுக்கும் பிறகு. நீங்கள் என்னைக் கொண்டுபோய் அந்த மனுசியின்ர மூத்த மகனுக்கு முன்னாலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள். அவ ரேடியோவைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போடுவா.”

எங்கள் அறிவித்தலில் வயதுதான் வரிசை, வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வேறு விதம் ஒன்று இருக்கும் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவர் என்னைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

ஐந்து மணிக்கு அறிவித்தல் வந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. மயாமி, லண்டன், தீவு. சொல்லி முடியாத மற்றவர்கள்.

“நல்லது,” என்றார். “அவைக்கும் கரைச்சல் இல்லை, எனக்கும் இல்லை.” ஆனால் நான் வெளிக்கிடும்போது, “நாளைக்கும் வாறியள்தானே?” என்று கேட்டார்.

சனிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. அவளும் வந்தாள், மூன்றாம் நாள் டப்பாக்களோடு. மூவரும் மேசையைச் சுற்றி இருந்தோம். கடல் அமைதியாகிவிட்டதால் படகு ஓடும் என்றார் அறிவிப்பாளர். சூப் எல்லாம் விற்றுவிட்டதாம், பாத்திரத்தோடு வருபவர்கள் திரும்ப வேண்டியிருக்கும். ஓர்கன்.

முழுப்பெயர், பட்டப்பெயர், மனைவி. பிறகு அறிவிப்பாளர் ஒரு கணம் நின்றார். தாளைத் திருப்பும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. “அவருடைய மூத்த மகள், டென்மார்க்கில்,” என்றார். இவருடைய முழுப்பெயரை வாசித்தார், நான் எழுதி அனுப்பியபடியே. அதோடு நிற்கவில்லை. “வீட்டில் இன்ன பெயரால் அழைக்கப்படுபவர்” என்று ஒரு பெயரையும் சொன்னார். அது அங்குள்ள ஒரு சின்னக் குருவியின் பெயர். அதற்குமேல் அதை எழுதமாட்டேன். பிறகு மற்ற ஏழு பேர்.

மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. “டென்மார்க் எண்டவைதானே? எண்டவைதானே?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் தலையாட்டினேன். அக்கம்பக்கமாய் எட்டு வருடம் இருந்தும் அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. டப்லெட்டின் விளிம்பை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“குருவிப் பேரை நீங்களோ எழுதினது?” என்று கடைசியில் கேட்டார்.

“அப்பிடியொரு பேர் உங்களுக்கு இருக்கெண்டதே எனக்குத் தெரியாது.”

“ஓம். தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா தெருவிலை கண்டால் மெல்லமாச் சொல்லுவார், எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி. அம்மாவுக்கு முன்னாலையும் சொல்லமாட்டார்.”

மனைவி டப்பாவைத் திறந்து சோற்றை அவர் தட்டில் போட்டாள். “சாப்பிடுங்கோ அக்கா,” என்றாள் தமிழில். அந்த ஒரு சொல் அவருக்கு எப்போதோ பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் நடந்தது. முன்வாங்கில் தகப்பனாரின் மனைவிக்கு அடுத்த இடத்தை ஒருவரும் உட்காராமல் விட்டிருந்தார்கள் என்று மச்சாள் பிறகு எழுதினாள். அது வேண்டுமென்றே விட்ட இடமா, பின்னால் வரவிருந்த யாருக்காகவோ விட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அறிவித்தலில் குருவிப் பெயரைச் சேர்க்கச் சொன்னது தான் அல்ல என்றும், அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டதாகவும் அவள் எழுதியிருந்தாள். நான் வானொலி நிலையத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ஒரு பதில் வந்தது. டென்மார்க்கில் இருந்து கேட்பதற்கு நன்றி, அங்கே இப்போது பனி பெய்கிறதா என்று அதில் கேட்டிருந்தார்கள்.

தகப்பனாரின் மனைவிதான் நிலையத்துக்குச் சொல்லியிருப்பார் என்பது என் அயலவரின் நம்பிக்கை.

“அவவுக்கு அந்தப் பேர் எப்பிடித் தெரியும்?” என்று நான் கேட்டேன்.

“அப்பா வீட்டிலை என்னைப்பற்றிக் கதைச்சிருப்பார். கதைக்கேக்கை அந்தப் பேரைத்தான் சொல்லியிருப்பார்,” என்றார். பிறகு, “அந்த வீட்டுக்குள்ளை,” என்றும் சொன்னார்.

அப்படியும் இருக்கலாம். இதை எழுதும் இன்றுவரை அந்த அம்மையாரிடம் யாரும் கேட்கவில்லை. நிலையத்தில் இருந்தும் வேறு பதில் இல்லை. பெயரைக் கொடுத்தவர் யார் என்பது உறுதிசெய்யப்படவில்லை.