சோழவந்தான் கொடிக்காலில் முள்ளுமுருங்கை வடை

2006-ல் மழைக்காலம் முடிந்த கையோடு பழைய கார் ஒன்று வாங்கினேன். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. அப்பாவைச் சாப்பிட வைக்க வேறு வழி தெரியவில்லை, அதனால்தான். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அப்பா பாதியாக இளைத்துவிட்டார். தட்டில் போட்டதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு "ஆச்சு" என்று எழுந்துவிடுவார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுச் சாப்பாடு இறங்காவிட்டால் வெளியிலாவது இறங்கட்டும் என்று ஞாயிறுதோறும் கிளம்பினோம்.

மேலூர்ப் பக்கம் போனோம், உசிலம்பட்டிப் பக்கம் போனோம். தோட்டம் பார்ப்பார், விவசாயிகளிடம் நன்றாகப் பேசுவார். ஜவுளிக்கடையில் காலமெல்லாம் துணி எடுத்துப் போட்டவர், கத்தரிக்காயைக்கூட இரண்டு விரலால் நெருடித்தான் பார்ப்பார். சாப்பாடு என்று வந்தால் மட்டும் ஒரு வாய், அதற்கு மேல் இல்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மதுரைப் பழங்காநத்தத்திலிருந்து புறப்பட்டோம். பைபாஸ் ரோட்டில் காளவாசல் வந்து, கோச்சடை, துவரிமான் வழியாக மேலக்கால். அங்கே பாலம் ஏறி வைகையைத் தாண்டினால் திருவேடகம், அடுத்தது சோழவந்தான். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். துவரிமானுக்குப் பிறகு ரோடு குறுகல். எதிரே பஸ் வந்தால் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். நான் ஓட்டப் பழகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா தன் பக்கம் இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தார்.

சோழவந்தான் வெற்றிலைக்குப் பேர்போன ஊர். டீக்கடையில் நிறுத்தி, கொடிக்காலை, அதாவது வெற்றிலைத் தோட்டத்தை, உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"தாராளமாப் பாக்கலாம். வாய்க்காலத் தாண்டுனா எங்க மதினி தோட்டந்தேன். செருப்ப மட்டும் வெளிய கழட்டிப் போட்டுட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை, சொந்தக்காரர்கள் உட்பட. உள்ளே அகத்தியும் முள்ளுமுருங்கையும் வரிசையாக நிற்க, அவற்றில் வெற்றிலைக்கொடி ஏறியிருந்தது. வெயில் அங்கங்கே பொட்டுப்பொட்டாகத்தான் விழுந்தது. காலடியில் ஈரமண் சில்லென்று இருந்தது. மதினி என்று அவர் சொன்ன பாண்டியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஓரத்திலிருந்த கொட்டகையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர். வெளியில் மதுரைத் தமிழ், வீட்டுக்குள் எங்கள் பாஷை. எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் விலை அதிகம், சரக்கு மட்டம் என்றெல்லாம் பேசிக்கொள்ள அதைவிட வசதி கிடையாது. அப்பாவும் முகத்தை மரியாதையாக வைத்துக்கொண்டு, இந்தத் தண்ணீரில் மோர் எங்கே இருக்கிறது என்று எங்கள் பாஷையில் என்னிடம் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பாண்டியம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தட்டில் வந்தது முள்ளுமுருங்கை வடை. முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்து, மிளகும் சீரகமும் சேர்த்து, பூரி மாதிரி தட்டி எண்ணெயில் போடுவது. எங்கள் ஆட்கள் வீட்டுப் பலகாரம். அம்மா மாதம் இரண்டு முறையாவது செய்வாள். அதை இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. மேலே தூவ மிளகாய்ப்பொடிகூட இருந்தது.

அப்பா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். இன்னொரு வாய். முழு வடையும் போயிற்று. இரண்டாவதைப் பாதி தின்றவர் சட்டென்று தட்டைத் தள்ளி வைத்தார். எங்கள் பாஷையில், மெல்லச் சொன்னார்: "உங்கம்மா செய்யறது இவ்வளவு மெதுவா இருக்காது. ஒரு நாளும் அவகிட்ட சொன்னதில்ல. இப்போ அவ இல்லாம நான் இதை ருசிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன். அவளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு."

இத்தனை மாதமாக அவர் ஏன் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பதில் அடுப்படியிலிருந்து தமிழில் வந்தது.

"மாவ வழிச்ச கையோட தட்டிப் போட்டாத்தேன் மெதுவா வரும்யா. உங்க வீட்டம்மாவுக்கு எம்புட்டு வேல கெடந்துச்சோ, என்னமோ. புருசன், புள்ளைய அனுப்பிட்டு அப்பறமாத் தட்டிருப்பாக. அதுக்குள்ள மாவு எறுகிரும்ல."

எங்கள் பாஷை எப்படித் தெரியும் என்று பாண்டியம்மாளிடம் கேட்டேன். மதுரை முனிச்சாலையில் எங்கள் ஆட்களின் சாயப்பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தாராம். பாஷையும் வடையும் அந்த வீட்டு அம்மாளிடம் கற்றதாம்.

"மோரு தண்ணிதேன், ஒத்துக்கிறேன்" என்றவர், சட்டியிலிருந்து சூடாக ஒன்றை எடுத்து அப்பாவின் தட்டில் போட்டார். "சாப்புடுங்கய்யா. நீங்க வயிறு காஞ்சு கெடந்தாத்தேன் அவுகளுக்குக் கோவம் வரும்."

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் ஐந்து வடை சாப்பிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து சோழவந்தானுக்கு பஸ் உண்டு. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கேட்காமல் இலையைக் கிள்ளாதீர்கள். பாண்டியம்மாள் நாங்கள் வாங்கிய வெற்றிலைக்குத்தான் காசு வாங்கினார், வடைக்கு வாங்கவில்லை. அவர் கடை நடத்தவில்லை என்பதால் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். குறை சொல்வதானால் தமிழிலேயே சொல்லிவிடுங்கள், மதுரையில் எந்தப் பாஷையும் ரகசியமில்லை.

திரும்பும்போது அப்பா அந்தப் பிரேக்கை மிதிக்கவே இல்லை. காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோது, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ராத்திரிக்குச் சாப்பிட என்ன பண்ணப்போற?"