கறுப்பு மை பூசத் தேவையில்லாத விளம்பரம்

ரியாத்தில் எனக்குக் கிடைத்த வேலையை ஊரில் எவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் வந்திறங்கும் களஞ்சியத்தில், தணிக்கைக்காக விளம்பரப் பெண்களின் கைகால்களுக்குக் கறுப்பு மை பூசுவது. காலையில் மார்க்கரைத் திறந்தால் மாலைவரை அதுதான். சலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவள், சவர்க்காரத்தை முகர்பவள், கார்க் கதவில் சாய்ந்திருப்பவள். பூசிப் பூசி எனக்கு ஒன்று விளங்கிப்போயிற்று. காரை ஓட்டுபவன் ஆண். பெண் எங்கே நின்றாலும் விற்கிற சாமானோடு சாமானாகவே நிற்கிறாள். மை அவளுடைய தோலை மட்டுந்தான் மறைக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கல்முனையிலிருந்து தங்கச்சி ஜெஸீமாவின் கடிதம் வந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு. இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் கலியாணம் முடிக்கப் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவான். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்ததும் அத்திவாரத்தோடு நின்ற வீட்டை எழுப்ப வேண்டியவன் நான். என்னால் முடியவில்லை. ‘சவூதிக்குப் பணிப்பெண்கள் தேவை’ என்றது துண்டு. முக்காடு போட்ட ஒருத்தி சிரிக்கிறாள், பின்னால் ஓடு வேய்ந்த புது வீடு. அவள் கையில் விளக்குமாறு இல்லை, இடுப்பில் பிள்ளையும் இல்லை. முழு உருவப் படம் கொண்டுவரச் சொல்லிக் கீழே சின்ன எழுத்து. உடம்பு வேலைக்குத் தாங்குமா என்று பார்ப்பதற்குத்தான்.

துண்டை எடுத்துப்போய் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். இந்தப் படம் பிழை என்று என் அரைகுறை அரபியில் சொன்னேன். நல்ல மனிதர், அவளைத் தலையிலிருந்து கால்வரை கவனமாகப் பார்த்தார்.

“எல்லாம் மூடித்தானே இருக்கிறது? மை தேவையில்லை” என்று சொல்லித் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கு வேலையில் அவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பார்.

அந்தச் சிரிப்பை நம்பாதே, வராதே என்று ஜெஸீமாவுக்கு எழுதினேன். பதில் இரண்டே வரி. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். “நீங்க சொல்றது ஓம், காக்கா. ஊடு இல்லாம எனக்கு எவன் மாப்பிள வருவான்?”

அவள் வந்தாள். இதே ரியாத்துக்குத்தான். நாலு வருடமாக அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. வேலை செய்யும் வீட்டார் அவளை வெளியே விடுவதில்லை. எப்போதாவது தொலைபேசியில் கதைப்பாள். ஊரில் சுவர் எழும்பிற்று, ஓடும் போட்டாயிற்று. போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, குசினியின் அடுப்பு மேடையைக்கூடப் புகழ்ந்திருக்கிறார்கள். பெண் எங்கே என்று கேட்டபோது உம்மா உண்மையைச் சொல்லிவிட்டார்.

“ஊடு புடிச்சிரிக்காம், காக்கா” என்றாள் ஜெஸீமா தொலைபேசியில். “வெளிநாட்டுல வேல செஞ்ச புள்ளதான் வேணாமாம்.” அதே மூச்சில் சொன்னாள்: “இன்னும் ரெண்டு வருசத்துக்கு இஞ்சயே வேல செய்ய ஒப்பம் வெச்சிட்டன்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவள் வேலை செய்யும் தெருவில் நடந்துபார்க்கிறேன். தெருவின் பெயரைத் தவிர வீட்டு இலக்கம் அவளுக்கே தெரியாது. எல்லாம் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில்கள். அவள் எந்த மதிலுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று தெரியாமல், தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிறேன்.