சீப்பில் வந்த முடி

என் மனைவிக்குப் பிறவியிலேயே மெல்லிய முடி. கரிசலாங்கண்ணி எண்ணெய்க்கும் அது அடரவில்லை. சீப்பில் வந்த முடியை எட்டு வருஷம் சேர்த்து, ஒரு சவுரி கட்டி வைத்திருந்தாள். என் தங்கைக்கும் அதே குறை. தங்கையின் கல்யாணத்தன்று, பெருந்துறைச் சம்பந்தி வீட்டார் ஏதும் சொல்லிவிடக் கூடாதென்று, அந்தச் சவுரியை இவளே அவளுக்கு வைத்துப் பின்னிவிட்டாள்.

பந்தியில் தங்கை தன் புது நாத்தனாரிடம், "ஏனுங்க, எங்க அண்ணி சடையப் பாருங்க, எலிவாலாட்டமா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். "சும்மா இரு புள்ள" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூச்சத்தில் என் கையிலிருந்த ரசவாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "அவ சின்னப்புள்ளைங்க. உங்க வாய்க்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

அன்றிலிருந்து சீப்பில் வரும் முடியைக் குப்பையில் போடுகிறாள். துரோகம் செய்தவள் தங்கை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.