பூச்சியம் ஒன்றுக்குச் சமன்

பகுதிப் பின்னம் என்று கேட்டாலே எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. கணிதத்தின் மேல் இல்லை. அதைப் படிப்பித்த சேரின் மேல்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்திருந்தேன். சிக்கலான பின்னத்தை அப்படியே தொகையிட முடியாது, சிறு பின்னங்களாகப் பிரித்துவிட்டால் சுலபம். பின்னத்தின் கீழே, பகுதியிலுள்ள ஒவ்வொரு காரணிக்கும் மேலே ஒரு மாறிலி போடுங்கள் என்றார் சேர். அதோடு பாடத்தை மூடிவிட்டார்.

தவணைப் பரீட்சையில் பின்னத்தின் மேலே 1, பகுதியில் வேறொரு காரணியோடு (x−1)² வந்தது. (x−1) இரண்டு தரம் இருக்கிறதே என்று, ஒரு (x−1)க்கு மேல் A, இன்னொரு (x−1)க்கு மேல் B என்று எழுதினேன். பிறகு xக்கு ஒன்றைப் போட்டால் 0 = 1 என்று வந்து நிற்கிறது. அழித்து அழித்துச் செய்தாலும் அதேதான்.

தோட்டத்து லயத்திலிருந்து வருகிற எல்லோருடைய தாளும் அதே வரியில் நின்றிருந்தது. பார்த்து எழுதினோமாம். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஊரறியப் போட்டு, பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அம்மா தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து பாதி வேலையில் இறங்கி வந்து அதிபரின் அறைக் கதவோரம் நின்றார். மன்னிப்புக் கேட்காவிட்டால் நாங்கள் கணிதப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார் அதிபர்.

"கேட்டுரு புள்ள. படிப்பு போயிரும்," என்றார் அம்மா.

சேரும் அதே அறையில்தான் நின்றார். சேரைப் பார்த்தே கேட்டேன்.

"நாங்க பாத்து எழுதல சேர். நீங்க சொன்னத அப்படியே செஞ்சோம். வர்க்கம் வந்தா என்ன செய்யணும்னு என்னைக்குச் சொல்லித் தந்தீங்க? நாளச் சொல்லுங்க, நான் கலைப் பிரிவுக்கே போறேன்."

அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ஹட்டன் கிளாஸ்ல செஞ்சேனே. அங்க வர்றவங்க சரியாத்தானே எழுதியிருக்காங்க."

ஹட்டனில் அந்த டியூஷன் கிளாஸைக் காசுக்கு நடத்துவது அவரேதான். அதிபர் எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்களிடமும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் சேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். (x−1)க்கு மேல் ஒரு மாறிலி, (x−1)²க்கு மேல் இன்னொன்று என்று கரும்பலகையில் எழுதினார். தொகையிட்டும் காட்டினார். மணி அடிக்க இன்னும் பாதிப் பாடவேளை கிடந்தது.

"இவ்வளவுதானா சேர்?" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

இவ்வளவுதான்.