எண்ணூற்று இருபத்து நான்கு தட்டல்கள்

என் மனைவிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, வலி எதுவும் காட்டாமலேயே நரம்பைக் கெடுத்துவிட்டது. மூன்று வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது வலது கண் ஒன்றுதான். அதிலும் அழுத்தம் முப்பத்திரண்டு என்று மருத்துவர் சொன்னார். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே அதன்பின் அவர் பேசிய நாலைந்து வாக்கியங்கள் என் காதில் விழவில்லை. கடைசி இரண்டு மட்டும் விழுந்தன.

"பத்து நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும் சார். இனிமே மருந்து கேக்காது."

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் அளவு சோதனைப் பிரிவில் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றவர்களுக்கும் மனைவிமாருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் வெளி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை என்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். முன்பெல்லாம் குவார்ட்டர்ஸை ஒட்டிய மருந்தகத்தில் போய் நின்றால் இரண்டு முத்திரை, ஒரு கையெழுத்து, நாற்பது நிமிடத்தில் கடிதம் கைக்கு வந்துவிடும். இப்போது செல்போன் செயலி வழியாக மட்டுமே. மருந்தக ஜன்னலில் அப்படி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் ஆள் இருக்கிறார், அவரும் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுகிறார்.

பத்து நாளில் ஒன்று அங்கே போய் வந்ததில் கழிந்தது.

மறுநாள் காலை காப்பி குடித்த கையோடு உட்கார்ந்தேன். செயலியைத் திறந்ததும் திரையின் மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் பத்து நிமிடம் என்று ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. எதற்காகப் பத்து நிமிடம் என்று எங்கும் சொல்லவில்லை. அட்டை எண் பதினாறு இலக்கம், மருத்துவமனையின் பெயர், மருத்துவர் சீட்டின் படம், இவ்வளவுக்கும் எனக்கு இரண்டு நிமிடம் பத்து நொடி ஆனது. அடுத்தது நோயாளியின் பிறந்த தேதி. அதை எழுத முடியாது. கட்டத்தைத் தொட்டால் ஒரு நாட்காட்டி திறக்கும். அது இந்த வருட நவம்பரில் நின்றது. இடது பக்கம் ஓர் அம்பு. அதை ஒரு முறை தட்டினால் ஒரு மாதம் பின்னால் போகும்.

என் மனைவிக்கு அறுபத்தெட்டு வயது முடிந்து எட்டு மாதம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். எண்ணூற்று இருபத்து நான்கு தட்டல்கள். நொடிக்கு ஒன்று வீதம் பதின்மூன்று நிமிடம் நாற்பத்து நான்கு நொடி. கையில் இருப்பது ஏழு நிமிடம் ஐம்பது நொடி.

கணக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தும் தட்டினேன். எங்கள் மகன் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடத்தில் நேரம் முடிந்தது. எழுதியதெல்லாம் அழிந்து, நாட்காட்டி மறுபடி நவம்பருக்கு வந்து நின்றது.

இரண்டாம் முறை வேகமாகத் தட்டினேன். வேகமாகத் தட்டினால் அது சிலவற்றை விழுங்கிவிடுகிறது. தனியாகச் சோதித்துப் பார்த்தேன்: ஐம்பது தட்டலில் நாற்பத்து மூன்றுதான் ஏறியது. மூன்றாம் முறை நடுவில் காஸ் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. அன்று முழுக்க எனக்குக் கட்டைவிரல் துடித்துக்கொண்டிருந்தது. மனைவி சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதைப் பார்த்தபடி இருந்தேன். முந்தின வாரம் வரை அவள் சுவரைத் தொடாமல்தான் நடந்தாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதா, நிஜமா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"நீங்க தட்டுங்க. எண்ணறதை எங்கிட்ட விடுங்க. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா நேரம் போகத்தான் செய்யும்."

முதல் பகுதியை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் இருபது நொடிக்குக் குறைத்தேன். பிறகு அம்பு: கண்ணை அதைவிட்டு எடுக்காமல், அது விழுங்காத வேகத்தில், மூன்று நொடிக்கு ஐந்து தட்டல். அவள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணி, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு விரலை மடக்கினாள். சும்மா மடக்கவில்லை.

"இது குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு திருமுல்லைவாயல் வந்தது. இது நீங்க ரிடையர் ஆனது."

"பேசாதே. எண்ணிக்கை தப்பும்."

"எண்ணறது நான்தானே? உங்களுக்கு என்ன வந்துது? இது பையன் காலேஜ் சேர்ந்தது. இது உங்களுக்கு மஞ்சக் காமாலை."

எனக்கு வியர்த்தது. கடிகாரம் மூன்று நிமிடத்துக்குக் கீழே போய்விட்டது.

"இது நம்ம கல்யாணம். கொஞ்சம் மெதுவாத்தான் தட்டுங்களேன்."

"மெதுவாத் தட்ட நேரம் இல்லை!"

கத்திவிட்டேன். அவள் அதற்குப் பிறகு வருடத்தை மட்டும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் இருபத்தொரு வருடம் இருந்தது. எனக்குத் தெரியாத வருடங்கள். ஒன்றைப் பற்றியும் அவள் வாய் திறக்கவில்லை, விரலை மட்டும் மடக்கிக்கொண்டே போனாள்.

பத்தொன்பது நொடி மிச்சம் இருக்கும்போது மார்ச் வந்தது. தேதியைத் தொட்டேன். 'சமர்ப்பி' என்பதைத் தொட்டேன்.

'பிறந்த தேதி பதிவேட்டுடன் பொருந்தவில்லை.'

பதற்றத்தில் பக்கத்துத் தேதியைத் தொட்டிருப்பேன் என்று நினைத்து, அரை மணி நேரம் கழித்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். மறுபடியும் பொருந்தவில்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: இன்னும் ஒரு வாய்ப்பு, அதுவும் தவறினால் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், பதினைந்து வேலை நாட்கள் ஆகும்.

எங்களிடம் இருந்தது ஏழு நாள்.

அவளுடைய பள்ளிச் சான்றிதழில் மார்ச். ஆதாரில் மார்ச். எந்தப் பதிவேட்டில் மார்ச் இல்லை? மருந்தகத்தில் குடும்ப வைத்தியப் புத்தகம் என்று ஒன்று தந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறோம் என்று அதை வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தரவில்லை. அதன் முதல் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மாத்திரையின் எண்ணிக்கையைத்தான் பார்த்திருக்கிறேன், தேதியைப் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை ஆறரைக்கு, எங்கள் பிரிவில் ஃபிட்டராக இருந்த நண்பருக்குப் போன் போட்டேன். இப்போது வானகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் புத்தகம் வழங்கிய அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். பிரிவில் எல்லாருடைய விவரத்தையும் கொண்டுபோய் எழுதி வாங்கி வந்தவர் அவர்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும்படியான சிரிப்பு.

"யோவ் இன்ஸ்பெக்டரே, உன் ஊட்டுக்கு மட்டும் தனியா ஒரு பொறந்த நாளா? நம்ம செக்ஷன் பொம்பளைங்க அத்தினி பேரும் ஜூலை ஒண்ணாந்தேதி பொறந்தவங்கயா!"

"என்ன சொல்றே?"

"அந்த கிளார்க்கு, தேதி இன்னா, தேதி இன்னான்னு உயிர எடுத்தான். நம்மாளுங்கள்ல எவனுக்குத் தெரியும் பொண்டாட்டி பொறந்த தேதி? வயசு மட்டும் தெரியும். அதுக்குத் தோதா வருஷத்தப் போட்டு, எல்லாத்துக்கும் ஜூலை ஒண்ணு போட்டுக்கினு போய்ட்டான்."

"எனக்குத் தெரியுமேய்யா. மார்ச்சு."

"உனுக்குத் தெரியும். எனுக்கு நீ சொன்ன வருஷம் மட்டுந்தான் தெரியும். நீதான் ரெண்டாவது ஷிஃப்டாச்சே." பிறகு சிரிப்பை நிறுத்தி, "தங்கச்சிக்கு கண்ணு எப்டி கீது?" என்று கேட்டார்.

ஜூலை என்றால் எண்ணூற்று இருபது தட்டல்கள். நான்கு தட்டலுக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் இருப்பது ஒரே வாய்ப்பு. என் கட்டைவிரலை நான் நம்பவில்லை. அவர் சொன்ன ஜூலையையும் முழுதாக நம்பவில்லை. நண்பர் எழுபத்தாறு வயதுக்காரர், தெரியாததையும் உறுதியாகச் சொல்லக் கூடியவர். வேறு வழியும் இல்லை.

மனைவியைக் கூட்டிக்கொண்டு பிரதான சாலையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நடத்துவது நாற்பது வயதுள்ள ஒரு பெண். மின்சாரக் கட்டணம், பட்டா, பரீட்சை முடிவு என எல்லாம் அங்கே நடக்கும். என் போனை வாங்கி, தாளில் நான் எழுதியிருந்ததை அடித்து முடித்தாள். நாட்காட்டி திறந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எண்ணூற்று இருபது தட்டணும்மா" என்றேன்.

"இன்னாது?"

"மாசத்துக்கு ஒண்ணு."

நாட்காட்டியின் தலையில் வருடம் எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டாள். வருடங்கள் மட்டும் பட்டியலாக விரிந்தன. ஒரு தள்ளு தள்ளினாள். ஒன்றைத் தொட்டாள். பிறகு ஜூலை. நான் பார்த்தேன், ஏழு நொடி.

"இம்மா நாளா அம்பையா குத்திகினு இருந்த, நைனா? இந்நேரத்துக்கு அம்மா திரும்பவும் பொறந்து வந்திருப்பாங்க!"

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் அம்பு இல்லை, கோடு இல்லை, பொத்தான் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தந்தது, குறியில்லாத எதையும் தொடாதே என்பதுதான். முப்பத்தாறு வருடம் அப்படி இருந்துதான் பத்து விரலோடு வெளியே வந்தேன்.

கடைக்காரப் பெண் 'சமர்ப்பி' மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"இரும்மா." அட்டை எண்ணை முதலிலிருந்து ஒரு முறை சரிபார்த்தேன். கடைசியிலிருந்து ஒரு முறை. பிறகு தேதி.

"இன்னா நைனா, ராக்கெட்டா உடப்போற? டைம் ஓடுது பாரு."

"உடும்மா" என்று சொன்னது என் மனைவி.

பச்சை எழுத்தில் ஓர் எண் வந்தது. அதைத் தாளில் எழுதிக்கொண்டேன், உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டேன். ஆறாம் நாள் கடிதம் வந்தது. ஒன்பதாம் நாள் அறுவை சிகிச்சை. மருத்துவமனை மேசையில் பிறந்த தேதி கேட்டார்கள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "ஜூலை ஒண்ணு" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் கட்டைப் பிரித்து, கொஞ்ச நேரம் விட்டு, மருத்துவர் இரண்டு முழ தூரத்தில் கையை நீட்டினார்.

"எத்தனை விரல்மா?"

"மூணு."

நானும் எண்ணினேன். மூன்று.

ஐந்து முறை காட்டினார். நான்கு முறை சரியாகச் சொன்னாள். ஒரு முறை அவர் இரண்டு காட்டியதற்கு மூன்று என்றாள். "முதல் நாள் கலங்கலாத்தான் இருக்கும், அழுத்தம் பதினாறுக்கு வந்துடுச்சு, பயப்படாதீங்க" என்றார் மருத்துவர். ஆட்டோவில் திரும்பும்போது கடைப் பலகைகளில் பெரிய எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் வாசிப்பதைப் பலகையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்பத்தூர் தாண்டும்வரை ஒன்றும் தப்பவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு விரல் என் மனதைவிட்டுப் போகவில்லை.